‘இதய வீக்கம்’ பொருந்தாது: கீழறைச் சுவர் தடிப்பதற்கு ஒரு சொல்

> உயர் இரத்த அழுத்தத்தால் இதயம் பெரிதாவதை ‘இதய வீக்கம்’ என்றே எழுதலாம். மக்களுக்குப் பழகிய சொல்.

ஐயா, வணக்கம்.

பழகிய சொல்தான்; ஆனால் இந்த இடத்தில் அது தீங்கு செய்யும். உயர் அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் இரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையில் நீர் கோப்பதில்லை. தசைச் செல்கள் எண்ணிக்கையில் கூடாமல் ஒவ்வொன்றும் பருக்கின்றன; சுவர் தடிக்கிறது. அதனால் ‘பெருக்கம்’ என்பதும் சரிவராது.

மார்பு எக்ஸ்ரேயில் இதய நிழலின் அகலம் நெஞ்சுக்கூட்டின் உள்ளகலத்தில் பாதியைத் தாண்டினால் இதயம் பெரிதாகியிருக்கிறது என்பார்கள். சுவர் உள்நோக்கித் தடிக்கும்போது அந்த நிழல் மாறாமலே இருக்கக்கூடும். ‘வீக்கம் இல்லை’ என்று படித்த நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? ‘தடிப்பு’ என்றே எழுதுவோம்.

எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) அறிக்கைக்கு இன்னும் நுட்பம் வேண்டும். பின்சுவரின் தடிமனை இரட்டித்து, அறை விரிந்திருக்கும்போதுள்ள உள்விட்டத்தால் வகுக்கிறார்கள். சுவர் 13 மி.மீ., உள்விட்டம் 42 மி.மீ. என்றால் 0.62. சுவர் 11, உள்விட்டம் 62 என்றால் 0.35. எல்லைக்கோடு 0.42. தசை எடை கூடியிருந்து, விகிதம் இதைத் தாண்டினால் ஒரு வகை, தாண்டாவிட்டால் மற்றொன்று. ஆங்கிலத்தில் ‘concentric’ எனப்படும் முன்னதை ‘ஒருமையத் தடிப்பு’ என்று பெயர்த்தால் வடிவியல் பாடம்தான் நினைவுக்கு வரும். முன்னதற்கு ‘ஒடுங்குதடிப்பு’, பின்னதற்கு ‘விரிதடிப்பு’ என்று முன்மொழிகிறேன். இரண்டும் வினைத்தொகை; ஒற்று மிகாது.

அன்புடன்

---

> ‘ஒடுங்குதடிப்பு’, ‘விரிதடிப்பு’

ஐயா, ‘விரிதடிப்பு’ அருமை. முதற்சொல்லில் ஒரு தடை. அறை ஒடுங்காமல் சுவர் மட்டும் தடித்தாலும் விகிதம் 0.42ஐத் தாண்டும். ‘ஒடுங்கு’ என்றால் அந்த நோயாளிகள் விடுபட்டுப்போவார்கள். ‘செறிதடிப்பு’ எப்படி? செறி, விரி என இணையாகவும் நிற்கிறது.

தனிமடலில் ஒருவர் ‘அழுத்தத் தடிப்பு’ என்று கேட்டிருந்தார். பெருந்தமனி வால்வு குறுகினாலும் சுவர் இதேபோல் தடிக்கும். படத்தில் தெரிவது வடிவம் மட்டுமே. காரணத்தைப் பெயருக்குள் திணிப்பது முறையன்று.

---

ஐயா, ‘செறிதடிப்பு’ என்னுடையதைவிடப் பொருத்தம், மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். தசை எடை கூடாமல் விகிதம் மட்டும் 0.42ஐத் தாண்டும் நிலையும் உண்டு. அதைத் தடிப்பு என்று சொல்லக் கூடாது. ‘செறிவடிவம்’ என்று வைப்போமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.