இறையியல் பாடநூல்: அச்சுப் பிரதியா, டிஜிட்டலா? தனியாகப் படிப்பவருக்கு எது தோது?

தோட்டத்துப்பிரசங்கி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரம், தமிழ் மெதடிஸ்ட் சபை. உள்ளூர்ப் பிரசங்கியார் பொறுப்பு, புதன்கிழமை வேதபாடமும் என் கையில்தான். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை என்பதால் செமினரிக்கு வழியில்லை. வேய்ன் குரூடம் எழுதிய ‘சிஸ்டமாட்டிக் தியோலஜி’ என்ற ஆங்கில இறையியல் பாடநூலை ஒரு வருஷத்தில் முடிக்கலாம் என்று திட்டம். மூன்று சந்தேகம். புத்தகமாக வாங்குவதா, டிஜிட்டலா? 1994 பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது, அது போதுமா? முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகத்தான் போக வேண்டுமா?

ஏட்டுப்பூச்சி:

பிரதர், பதிப்பை முதலில் முடிவு செய்யுங்கள். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்புதான். குமாரன் பிதாவினாலே நித்தியமாய் ஜெநிப்பிக்கப்பட்டவர் என்ற நிசேயா சங்கத்துப் போதனையை 1994 பதிப்பில் ஆசிரியர் ஏற்கத் தயங்கியிருப்பார். புதுப் பதிப்பில் கருத்தை மாற்றிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறார். பழையதை வைத்துத் திரித்துவ வகுப்பு எடுத்தால், ஆராதனையில் சபை சொல்கிற விசுவாசப்பிரமாணத்தோடு உங்கள் பாடம் முட்டும்.

அச்சு, டிஜிட்டல் இரண்டுக்கும் வேலை வேறு. ஒரு வாதத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பிடித்துப் போக அச்சுப் புத்தகம். ‘இந்த வசனத்தைப் பற்றி எங்கே பேசுகிறார்’ என்று தேட டிஜிட்டல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அச்சை வாங்குங்கள். பின்பக்கத்து வசன அட்டவணை தேடும் வேலையில் பாதியைச் செய்துவிடும். படித்து முடித்ததைச் சபை நூலகத்துக்கும் கொடுக்கலாம். கிண்டிலில் (அமேசானின் மின்நூல்) வாங்கியது உங்கள் கணக்கோடு நின்றுவிடும்.

1,600 பக்கத்தைத் தாண்டிய புத்தகம். வந்த அன்றே நடுவில் விரித்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னாலிருந்து சில பக்கம், பின்னாலிருந்து சில பக்கம் என்று மாற்றி மாற்றித் தடவிப் பணிய வைத்து, கடைசியில் நடுவுக்கு வாருங்கள். ஹைலைட்டர் மை மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும், பென்சில் போதும்.

நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வராமல் இருக்காது. மழைச் சாரல் படுகிற வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் காற்று போகட்டும். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். பூஞ்சை வந்துவிட்டால் நிழலில் காற்றாட விரித்து, காய்ந்தபிறகு உலர்ந்த பஞ்சுத்துணியால் வெளியில் வைத்துத் துடையுங்கள். ஈரத்துணி தொடவே கூடாது. வெயிலில் போட்டால் பசை மொறுமொறுத்துப் பக்கம் உதிரும்.

சால்சிதோன்451:

பதிப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் குமாரன் நித்தியமாகவே பிதாவின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர் என்ற அவர் கருத்து புதுப் பதிப்பிலும் நிற்கிறது. பல இறையியலாளர்கள் அதைக் கடுமையாக மறுக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

தம்பி கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிசு. ஆசிரியர் எந்த மரபு? தெரிந்தெடுப்பில் (இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்பதில்) கால்வின் பக்கம், ஞானஸ்நானத்தில் விசுவாசிகளுக்கு மட்டுமே என்கிற பாப்டிஸ்ட் பக்கம், ஆவியின் வரங்கள் இன்றும் உண்டு என்பவர். நீங்களோ மெதடிஸ்ட். ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசக் கட்டளைகளை 1784-இல் நம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சுருக்கிக் கொடுத்தபோது, முன்குறித்தலைப் பற்றிய 17-ஆம் கட்டளையை எடுத்தே விட்டார். சிறுபிள்ளைகளின் ஞானஸ்நானத்தை வைத்துக்கொண்டார். அதனால் 32-ஆம் அத்தியாயம் (தெரிந்தெடுப்பு), 40 (பரிசுத்தவான்களின் நிலைநிற்பு, அதாவது மெய்யாய் இரட்சிக்கப்பட்டவர் கடைசிவரை நிலைத்திருப்பார் என்பது), 49 (ஞானஸ்நானம்) மூன்றையும் மெதடிஸ்ட் 25 கட்டளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ‘வேதம் இப்படித்தான் சொல்கிறது’ என்று மேடையில் அடித்துப் பேசினால், அடுத்த வாரம் பாஸ்டர் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும்போது சபை குழம்பும்.

வரிசை: 2 முதல் 8 வரை வேதாகமத்தின் அதிகாரம் பற்றியவை. தனியாகப் படிக்கிறவர்கள் அங்கேயே களைத்துப் புத்தகத்தை மூடுகிறார்கள். 26-இல், கிறிஸ்துவின் ஆள்தத்துவத்தில், தொடங்குங்கள். அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் யோவான் 1:1-18, பிலிப்பியர் 2:5-11, எபிரெயர் 1, 2 அதிகாரங்களைத் தமிழில் படித்து, புரியாததைக் குறியுங்கள். பிறகு உபதலைப்புகளை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். அதன்பின் தினம் பத்துப் பக்கம். 451-இல் சால்சிதோன் சங்கம் சொன்ன நாலு வார்த்தையில் நிறுத்தி நிதானிக்க வேண்டும். கிறிஸ்துவின் தேவ, மனித சுபாவங்கள் இரண்டும் ‘கலக்காமல், மாறாமல்’ என்பது, இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டது என்ற யூத்திகசுக்குப் பதில். ‘பிரிக்காமல், பிளக்காமல்’ என்பது, கிறிஸ்துவை இரண்டு ஆளாகப் பிரிப்பதாக நெஸ்தோரியசின் பேரில் சொல்லப்பட்ட போதனைக்குப் பதில். எந்த வார்த்தை எந்தக் கதவை அடைக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் அத்தியாயம் கைக்கு வந்துவிட்டது. முடித்ததும் புத்தகத்தைப் பார்க்காமல் தமிழில் அரைப்பக்கம் எழுதுங்கள். பேனா நின்ற இடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

கிந்தா_அக்கா:

26-இல் தொடங்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சபையே 325-இல் நிசேயா சங்கம், 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் என்று திரித்துவத்தைத் தீர்த்துவிட்டுத்தான் 451-க்கு வந்தது. திரித்துவம் பற்றிய 14-ஆம் அத்தியாயம் முதலில், அப்புறம் 26. இல்லையென்றால் ‘குமாரன் ஜெபித்தது யாரிடம்’ என்று வேதபாடத்தில் யாராவது கேட்டால் கை பிசைவீர்கள். தண்ணீர், ஐஸ், ஆவி உதாரணத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள் தம்பி. ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்ற சபெல்லியசின் போதனைதான் அது, நம் ஞாயிறு பள்ளிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய தமிழ் வேதாகமத்தை வைத்துப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு இடறல். 14-ஆம் அத்தியாயத்தில் 1 யோவான் 5:7-ஐ ஆதாரமாகத் தேடுவீர்கள். நம் வேதாகமத்தில் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்று பளிச்சென்று இருக்கிற வசனம். அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மசும் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்காமல் 1522-இல்தான் சேர்த்தார். அது இல்லாமலே திரித்துவம் நிற்கும். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இறையியல் பிடிஎஃப் வாங்குவதாக இருந்தால், மாதிரிப் பக்கத்தில் ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், தேடலாம். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் பாமினி மாதிரி பழைய எழுத்துரு. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் வெறும் ஸ்கேன் படம். இந்த இரண்டிலும் சாதாரணத் தேடல் வேலை செய்யாது, காசு கொடுத்து வாங்காதீர்கள்.

தோட்டத்துப்பிரசங்கி:

நன்றிங்க அக்கா, ஐயா. 14, பிறகு 26 என்று போகிறேன். மறுபக்கத்து வாதத்துக்குக் காசில்லாமல் ஏதாவது கிடைக்குமா? டிஜிட்டலில் பக்க எண் இல்லையென்றால் குறிப்பில் எப்படி எழுதுவது?

சால்சிதோன்451:

மெதடிஸ்ட் பக்கத்துக்கு வெஸ்லியின் பிரசங்கங்களே போதும், ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசம். முன்குறித்தலுக்கு எதிரான ‘இலவசக் கிருபை’ பிரசங்கத்தை 32-ஆம் அத்தியாயத்தோடு சேர்த்துப் படியுங்கள். கால்வினின் ‘இன்ஸ்டிடியூட்ஸ்’ நூலுக்கு ஹென்றி பெவரிட்ஜ் செய்த 1845 ஆங்கில மொழிபெயர்ப்பும் காப்புரிமை முடிந்தது. மூன்றாம் புத்தகம் 21 முதல் 24 வரை முன்குறித்தல், நாலாம் புத்தகம் 16 குழந்தை ஞானஸ்நானம். பாப்டிஸ்ட் ஆசிரியர் மறுப்பதைக் கால்வினே தாங்கிப் பேசுவார், மெதடிஸ்டுக்கு அங்கே துணை.

குறிப்பில் ‘இன்ஸ்டிடியூட்ஸ்’ நூலைப் புத்தகம், அத்தியாயம், பிரிவு என்று 4.16.1 மாதிரி எழுதுங்கள், எந்தப் பதிப்பிலும் பொருந்தும். குரூடமுக்கு அத்தியாய எண்ணோடு உபதலைப்பின் எழுத்தையும் எண்ணையும் சேருங்கள். கிண்டில் காட்டுகிற லொக்கேஷன் எண் வேண்டாம், அச்சுப் பிரதி வைத்திருப்பவர் அதை வைத்து எதையும் தேட முடியாது. தோட்டத்துக்குள் லைன் விட்டு விட்டு வரும், டவுனில் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கி, விமானப் பயன்முறையில் ஒருமுறை திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.