டாட்டன்ஹாம்: ஆட்டமுறை பெரிதா, முடிவு பெரிதா?

கேள்வி:
ஆஞ்ச் போஸ்டகோக்லு 2023-இல் புதிய பயிற்சியாளராக வந்தபோது, முதல் பத்து லீக் ஆட்டங்களில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான டாட்டன்ஹாம் எட்டில் வென்று இரண்டில் சமன் செய்தது. 2024-25 பருவத்திலோ 22 தோல்விகளுடன் 17-ஆம் இடத்துக்குச் சரிந்தது. ஆனாலும் ஐரோப்பிய அணிகளுக்கிடையிலான யூரோப்பா லீக் கோப்பையை வென்றது. அவரை நீக்கியது நியாயம்தானா?

மறுமொழி 1:
நியாயமில்லை, நண்பரே. 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகும், எஞ்சிய ஒன்பது பேர் நடுக்கோட்டருகே தடுப்பு வரிசையை நிறுத்தி, கோல்காப்பாளர் விக்காரியோ முன்னேறி ஓடிவந்து பந்துகளை அகற்ற, 75-ஆம் நிமிடம் வரை 1-1 என்று தாக்குப்பிடித்தார்கள். 4-1 என்று தோற்றாலும், அந்தத் துணிவுக்காகவே நான் இந்த அணியை நேசிக்கிறேன்.

மறுமொழி 2:
துணிவை மதிக்கிறேன், ஆனால் புள்ளிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. காயங்கள் அணியை வாட்டியது உண்மையே. எனினும் தடுப்பாட்டக்காரர்கள் இல்லாத வேளையிலும் அதே உயர்ந்த தடுப்பு வரிசையை வைத்து ஆடியது பிடிவாதம்.

மறுமொழி 3:
பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பிரென்னன் ஜான்சனின் ஒரே கோலுக்குப் பின் அணி முழுவதும் பின்வாங்கித் தற்காத்தது. கோல் கோட்டருகே நம் தடுப்பாட்டக்காரர் வான் டி வென் எகிறிப் பந்தை உதைத்து வெளியேற்றியிராவிட்டால் மான்செஸ்டர் யுனைடெட் சமன் செய்திருக்கும். 2008-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை, போஸ்டகோக்லு தம் ஆட்டமுறையைத் தளர்த்தியதால்தான் வந்தது. அப்படி மாறத் தெரிந்தவருக்கு இன்னொரு பருவம் தந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.