அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி
ஊரில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்குக் காலை உணவுக்கு முன் கிளிமிபிரைடும், இருவேளை மெட்ஃபார்மினும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டால் "போட்டாச்சு" என்கிறார். ஆனால் பொங்கலுக்குப் போனபோது, எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாதி பிரிக்கப்படாமல் கிடந்தன. மனம் நோகாமல் அவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

பதில் 1
மருந்துக்கடையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் காரணத்தைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் தரும். உணவோடு சாப்பிட்டால் குறையும், குறையாவிட்டால் மெல்லக் கரையும் வகைக்கு மருத்துவர் மாற்றித் தரலாம், அதை நசுக்கக் கூடாது. மாத்திரையால் சிறுநீரகம் கெடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. உண்மையில் கட்டுப்படாத சர்க்கரைதான் அதைக் கெடுக்கிறது.

மிச்சமுள்ள அட்டைகளை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை அளவு கூடியிருப்பதைப் பார்த்து, அம்மா எல்லாவற்றையும் சாப்பிடுவதாக நம்பி, மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டால், பிறகு உங்கள் வற்புறுத்தலால் முழுவதையும் சாப்பிடும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

பதில் 2
விரதம் இருப்பாரா என்பதையும் கேளுங்கள், சகோதரி. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். ஒருமுறை அப்படி ஆனவர்கள் பயந்து மாத்திரையையே விட்டுவிடுவதுண்டு. இரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

பதில் 3
தமிழ்நாடு என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குவதை, வீட்டுக்கு வரும் பெண்ணிடம் அம்மா சொல்லக்கூடும்.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. இன்று பக்குவமாகக் கேட்டேன். வயிற்றுப்போக்குதான் காரணமாம், பேருந்தில் போக வேண்டிய நாள்களில் விடத் தொடங்கி, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது என்றார். அட்டைகளோடு திங்கட்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.