கடலில் மெல்லிய தூண்டில்: எங்கே தொடங்கலாம்?

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணாமார், பொல்கொட வாவியில் திலாப்பியா பிடித்ததுதான் என் அனுபவம். கையில் 6 அடித் தூண்டிலும் 1000 சைஸ் ரீலும் இருக்கின்றன. ரயில் பாதைக்கு அங்கால் கற்களில் நின்று வீச இது போதுமா?

பழைய தங்கூசி:
தம்பி, அந்த ரீலைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர். 8 அடித் தூண்டில், 3000 ரீல், 15 இறாத்தல் பிரெய்ட் (பின்னல் நூல்), நுனியில் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், 25 இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்). கல்லில் உரசினால் பிரெய்ட் உடனே அறும், அதற்குத்தான் தங்கூசி. 20 கிராம் ஜிக் (உலோகப் போலி மீன்) இரண்டு வாங்கும். சிறு பாரையும் சீலாவும் விடியற்காலையில் கரைக்குக் கிட்ட வரும்.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை, இறுக்கிவிடாதீர். நாலு இறாத்தல் இழுவைக்கே நூல் ஓட வேண்டும், கொளுக்கித் தராசில் இழுத்துப் பாரும். நான் பெரிய ஆள் மாதிரி இறுக்கிவைத்து, தெகிவளையில் ஒரு பாரையிடம் ஜிக்கையும் தூண்டில் நுனியையும் பறிகொடுத்தேன். வீட்டுக்காரி இன்றைக்கும் கேட்பாள்: "அந்த மீன் கிலோ எவ்வளவு?"

கல்கிசை மாமா:
மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) கடல், கல்லில் ஏறவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் பாசிக் கல் வழுக்கும். தண்டவாளத்தில் நின்று வீசாதே மகன், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

வெள்ளவத்தைப் பொடியன்:
நன்றி. ரீலைக் கழுவ வேண்டுமா?

பழைய தங்கூசி:
அன்றைக்கே, நல்ல தண்ணீரில். குழாயைச் சீறவிட்டால் உப்பு உள்ளே போய்விடும், மெல்லத் திறவும்.