ஊர்ப் பள்ளிக்கூடம்: பணம் திரட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் அண்ணன் போன வாரம் போட்ட மடலைப் படித்தேன். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர் சங்கம் சார்பில் மாதச் சம்பளத்தில் ஓர் ஆசிரியரை வைத்துவிடலாம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தாராளமாக நடக்கும் என்று எழுதியிருந்தார். உடனே நிறையப் பேர் சம்மதம் சொல்லிவிட்டீர்கள். அண்ணன் மனசு எனக்குத் தெரியும். கண்மாய் மடை உடைந்த வருஷம் முதல் பணம் அவரிடமிருந்துதான் வந்தது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் லீவுக்குப் போயிருந்தபோது இரண்டு நாள் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கரும்பலகை ஓரத்தில் பதிவு 23, வருகை 21 என்று எழுதியிருந்தது. ஐந்து வகுப்பும் ஒரே அறையில். தலைமையாசிரியர் அம்மா ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். இரண்டாவது ஆசிரியர் பணியிடம் கணக்கில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அவரை மாற்றுப்பணியில் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கேயும் ஆள் இல்லையாம். பதினோரு மணிவாக்கில் ஏதோ விவரத்தை உடனே ஆன்லைனில் ஏற்றச் சொல்லித் தகவல் வந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்குப் போனார். யாரும் சொல்லாமலே அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து ‘ட’, ‘ப’ எழுத வைத்தாள். அவளுக்கு அது தினசரி வேலை. அன்றைக்கு அவளுக்கு நடந்திருக்க வேண்டிய பின்னப் பாடம் நடக்கவில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது, பள்ளி மானியச் செலவுக் கணக்கு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை என்றால் 25,000 என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதி. நம் பள்ளிக்கு 10,000. மாதத்துக்கு 833 ரூபாய். அதற்குள் சாக்பீஸ், விளக்குமாறு, பினாயில், குழாய் ரிப்பேர், பதிவேடு எல்லாம் அடங்க வேண்டும். சில வரிகளுக்கு எதிரே சின்ன எழுத்தில் ‘சொந்தம்’ என்று எழுதியிருந்தது. கேட்டேன். “மானியம் முன்னே பின்னேதான் வரும் தம்பி. அதுவரைக்கும் பிள்ளைங்க கக்கூஸ் போகாம இருக்க முடியுமா?” என்றார். அந்த நோட்டில் எத்தனை ‘சொந்தம்’ என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்த மானியத்துக்கு மேலே உள்ள கதை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தத் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கு. 2024-25-க்கு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு அப்போது தராமல் நிறுத்திவைத்தது. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை, புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பது காரணம். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டது. நம் குழுவில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறோம். மும்மொழி பற்றியும் கொள்கை பற்றியும் அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும், இருக்கட்டும். எட்டு வயசுப் பிள்ளையின் சாக்பீஸ் காசைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கொள்கையை ஒப்புக்கொள்ள வைப்பது தவறு என்பதில் நமக்குள் வேறுபாடு இருக்கக் கூடாது. அதே மூச்சில் மாநில அரசையும் கேட்க வேண்டும். நம் ஆசிரியரை மாற்றுப்பணிக்கு அனுப்பும் உத்தரவு டெல்லியிலிருந்து வரவில்லை.

இனி அண்ணன் யோசனைக்கு வருகிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும். 23 பேர்தானே என்று ஒன்றாகக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. நாம் காசு கொடுத்து ஒருவரை வைத்துவிட்டால் என்ன ஆகும்? ‘அந்தப் பள்ளியில் ஆள் இருக்கிறது’ என்று கணக்கு எழுதிவிடுவார்கள். மாற்றுப்பணி மூன்று நாள் என்பது ஐந்து நாள் ஆகும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் கழிப்பறையைக் கழுவ நம் சங்கமே ஒரு அக்காவுக்குச் சம்பளம் கொடுத்தது நினைவிருக்கிறதா? ஒரு வருஷம் நன்றாக நடந்தது. கொரோனாவில் வளைகுடாவில் பலருக்கு வேலை போனது, நாமும் நிறுத்திவிட்டோம். பெற்றோர் போய் அலுவலகத்தில் கேட்டதற்கு, “உங்க ஊருக்குத்தான் வெளிநாட்டு ஆளுங்க செய்றாங்களே” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பெரிய பெண் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய் வந்த மாதங்களை என் சித்தி மகள் சொல்லக் கேட்டேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காலை ஏழே முக்காலுக்கு ஊருணிக்கரையில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. இரண்டு நாளும் எண்ணினேன். தொடக்கப் பள்ளி வயசுப் பிள்ளைகள் 14 பேர் ஏறுகிறார்கள். அதில் என் கூடப்பிறந்த அண்ணன் மகன் ஒருவன். அந்த வேனுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் நான் அனுப்பும் பணம்தான் போகிறது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். அந்த 14 பேரில் எட்டுப் பேர் திரும்பி வந்தாலே பதிவு 31 ஆகிறது, மானியம் 25,000 ஆகிறது. பிள்ளை குறைந்தால் மானியம் குறையும், ஆசிரியரை இழுப்பார்கள், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேன் ஏறுவார்கள். 2019-ல் பிள்ளைகளே சேராத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கப் போவதாக அரசு அறிவித்ததே, அந்தப் பள்ளிகள் எதுவும் ஒரே நாளில் காலியாகியிருக்காது.

கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி போன்றவை காத்திருக்க முடியாதவை. அவற்றுக்கு நாம் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. காமராசர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தி ஊர்மக்கள் பெஞ்சும் கடிகாரமும் உலகப் படமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் பள்ளியின் பழைய மரப் பீரோ அப்போது வந்தது என்று அப்பத்தா சொல்வார். அன்றைக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது, அதற்கு மேல் ஊர் கொடுத்தது. இப்போது நாம் பேசிக்கொண்டிருப்பது அரசு விட்ட இடத்தில் போய் நிற்பதைப் பற்றி.

பணம் அனுப்புவதில் சட்டச் சிக்கலும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் அது வெளிநாட்டுப் பணம்தான். பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. சங்கக் கணக்கில் எல்லாவற்றையும் கலந்து போட்டால் ஊரில் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

பிறகு என்னதான் செய்வது? பள்ளி மேலாண்மைக் குழுதான் நமக்கு உள்ள பெரிய பிடி. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு எழுதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அடிப்படையாக வைத்தே அரசு மானியம் திட்டமிட வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. நம் பள்ளியின் திட்டத்தைப் பார்த்தேன். போன வருஷத்து வாசகங்களையே நகலெடுத்து வைத்திருந்தார்கள். கழிப்பறை என்ற சொல்லே இல்லை. இரண்டாவது ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார் என்பதும் இல்லை. குழுத் தலைவி என் பள்ளித்தோழியின் தங்கை. “எழுதினா டீச்சருக்குச் சிக்கல் வருமோன்னு பயமா இருக்குண்ணே” என்றாள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஒரு குடும்பம் தனியாகக் கேட்டால் வரும் பயம், ஐம்பது குடும்பம் சேர்ந்து கேட்டால் குறையும்.

அதனால் கிராம சபை. அங்கே கைதூக்க நமக்கு வழியில்லை, ஊரில் இருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நம் அம்மா, அப்பா, மனைவி, மதினி எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் இரண்டே தீர்மானம் போதும்: மாற்றுப்பணியை ரத்துசெய்து இரண்டு ஆசிரியரும் முழு வாரமும் பள்ளியில் இருக்க வேண்டும், மானியம் முழுத்தொகையும் முதல் பருவத்துக்குள் வர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எம்.எல்.ஏ., எம்.பி. இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

கூடவே, கடந்த மூன்று வருஷ மானியம் எந்தெந்தத் தேதியில் வந்தது, மாற்றுப்பணி உத்தரவு எண் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமகன் என்பதால் என் பெயரிலேயே போடுகிறேன். தலைமையாசிரியர் அம்மா பெயர் எந்தத் தாளிலும் வராது.

இரண்டுக்கும் வரைவை இணைத்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு, யார் வீட்டிலிருந்து எத்தனை பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் மதினியும் வருகிறார்கள். அண்ணன் மகனைப் பற்றி என் கூடப்பிறந்த அண்ணனிடம் நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினேன். “ரெண்டு டீச்சரும் தினம் வரட்டும், மறுநாளே சேத்துவிடுறேன்” என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஊருணித் தெரு வீட்டிலிருந்து, இப்போது ஷார்ஜா