கரண்ட் போன பிறகு நடந்தவை: கஜா, வர்தா, அப்புறம் ஒரு விமான நிலையம் (மூன்று ஊர்க்காரர்கள் எழுதியது)

பேராவூரணி பக்கம்:

கஜா புயல் என்றதும் எல்லோரும் தென்னை சாய்ந்ததைத்தான் சொல்வார்கள். அது எங்கள் பிழைப்பு, அந்த வலி இன்னும் போகவில்லை. ஆனால் நான் எழுத வந்தது தண்ணீரைப் பற்றி. 2018 நவம்பர் 16 விடிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த புயல் எங்கள் பக்கம் ஆடி ஓய்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. கதவைத் திறந்தால் தெருவில் கால் வைக்க இடமில்லை, மரத்து மேல் மரம், அதற்கடியில் கம்பி, கம்பியோடு இழுபட்டு நடுவில் ஒடிந்து கிடந்த கரண்ட் போஸ்டுகள். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் போஸ்டுகள் போயின.

வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, குடிக்க ஒரு குடம் கிடையாது. பஞ்சாயத்து டேங்க் மோட்டாரில் ஏறுவது, வீட்டு போர்வெல்லும் சப்மெர்சிபிள் மோட்டார். அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த கிணறு தூர்ந்துவிட்டது, தெருமுனை அடி பம்பில் கைப்பிடியே இல்லை. அப்புறம்தான் குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் வயரைச் சொருகி, டேங்க் நிரம்பும் வரை ஓடவிட்டு, மணிக்கணக்கு போட்டுக் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். காசு இருந்தவர் வீட்டில் குழாயில் தண்ணீர் வந்தது, கூலி வேலைக்குப் போகிறவர்கள் லாரிக்காக ரோட்டில் குடத்தை வரிசை வைத்துக் காத்திருந்தார்கள். புயல் எல்லோர் வீட்டு மேலும் ஒரே மாதிரிதான் அடித்தது, அதற்குப் பிறகு வந்த நாட்கள் அப்படி இல்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்களைச் சொல்லாமல் விட முடியாது. வண்டி போகாத வயல் சேற்றில் போஸ்டைத் தோளில் சுமந்து போனார்கள், இரவில் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் கிடையாது. என் கோபமெல்லாம், இத்தனை பட்ட பிறகும் அடி பம்பு போடச் சொன்னால் "இப்போ யாருங்க அடிக்கிறாங்க" என்று கேட்கிறவர்கள் மேல்தான். இந்தியா மார்க் 2 என்கிற அடி பம்பு சுமார் 45 மீட்டர் ஆழத்திலிருந்து கூடத் தண்ணீர் எடுக்கும். தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும், மாதம் ஒரு தடவை அடித்துப் பார்த்து வைத்தால் போதும்.

சென்னை, மடிப்பாக்கம்:

அண்ணே, உங்களுக்குத் தண்ணீர், எங்களுக்குப் பணம். நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12, பழைய 500, 1000 ரூபாய் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லாததால் ஜனங்கள் அப்போதுதான் கார்டு தேய்க்கப் பழகியிருந்தார்கள். புயலில் கரண்ட் போச்சு. கார்டு மெஷினில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இல்லை. செல்போன் டவர் பேட்டரி தீர்ந்தால் டீசல் வேண்டும், டீசல் லாரி வர ரோட்டில் மரம் கிடக்கிறது, பங்க்கில் பம்பு ஓடவும் கரண்ட் வேண்டும். ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு இன்சுலின்தான் பெரிய கவலை. 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. இன்வெர்ட்டர் இறங்கியதும் எல்லாவற்றையும் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றினேன், ஐஸ் தேடிப் போனால் ஐஸ் கடைக்காரரும் கரண்டுக்குத்தான் காத்திருக்கிறார். தினமும் ஊசி போடுகிற பெரியவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு நோட்டில் பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டேன். ஏரியாக்காரர்கள், முகம் தெரியும், அதனால் கடன் கொடுக்க முடிந்தது. முகம் தெரியாத ஊரில் ஒருவர் மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பார்?

அதற்கு முந்தைய வருஷ வெள்ளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் மூழ்கிப்போய், ஐசியூவில் இருந்த நோயாளிகள் இறந்த செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? இன்றைக்கும் புதுக் கட்டடம் எதைப் பார்த்தாலும் ஜெனரேட்டர் தரையில்தான் இருக்கிறது.

இப்போது பெங்களூரு, சொந்த ஊர் நாகர்கோவில்:

நீங்கள் இருவரும் சொன்னதில் காற்றாவது அடித்தது. நான் பார்த்த அன்றைக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 19, விமான நிலையத்தில் கவுண்ட்டர் கவுண்ட்டராகத் திரை நீலமாகிவிட்டது. ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த அப்டேட்டில் கோளாறு, உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. திருட்டுக் கும்பலிடமிருந்து காப்பாற்ற வைத்த மென்பொருளே அத்தனையையும் நிறுத்திவிட்டது. கவுண்ட்டரில் இருந்த பெண் பால்பாயிண்ட் பேனாவால் என் பெயர், விமான எண், சீட் எல்லாம் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார். பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். தாமதம்தான், ஆனால் போய்ச் சேர்ந்தேன். கையால் எழுதும் வழி ஒன்று விட்டுவைக்கப்பட்டிருந்ததால்தான் அதுவும் நடந்தது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களை ஹேக்கர்கள் தாக்கியபோதும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் அங்கே ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் காகிதத்தில்தான் ஓடியது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019ல் நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒத்துக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனி, வெளி இணைப்பே கிடையாது, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசிய பிறகுதான் எனக்கு வேலையே ஓடியது. அப்படித் தனியாகப் பிரித்து வைக்கச் செலவாகும், வேலையும் கூடும், சிக்கனம் பண்ண நினைக்கிற யாரும் முதலில் கை வைக்கிற இடம் அது. குடிநீர் வாரியத்திலும் சப்ஸ்டேஷன்களிலும் இப்போது எல்லாவற்றையும் ஆன்லைனில் இணைக்கிறார்கள். சிஸ்டம் நின்றால் வால்வைக் கையால் திருகத் தெரிந்த ஆள் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அவர்கள் ஓய்வு பெற்றால் அடுத்து யாருக்குச் சொல்லித் தருகிறார்கள்? அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.