கருவங்காடு, மணல், கடற்கரைப் பாறை… மூணுக்கும் தாங்குற ஓட்ட ஷூ எது? உதவுங்க

உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப காலமா ரோட்ல ஓடிட்டு இருக்கேன், இப்ப கொடைக்கானல் பக்கம் மலைப்பாதையில 25 கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணுக்கு பேர் குடுத்துருக்கேன், அதுக்காக ரோட்ட விட்டுட்டு உச்சிப்புளியில இருந்து அரியமான் பக்கம் உள்பாதையில ஓட ஆரம்பிச்சாச்சு. பாதைன்னா மொதல்ல பனங்காடு, அப்புறம் கருவங்காடு, அப்புறம் பொதபொதன்னு மணல், லீவு கெடச்சா பாம்பன் தாண்டி தீவுக்குள்ள போயி கடற்கரை பாறை மேலயும் ஓடுறது. கால்ல இருக்கறது சாதா ரோட் ஷூ.

பிரச்சனை என்னன்னா ரெண்டு பெருவிரல் நகமும் கறுத்துப்போச்சு, மணல் ஷூ மேல இருக்க வலைத்துணி (மெஷ்) வழியா உள்ள போயி குதிகாலுக்கு பின்னாடி கொப்புளம், பாறையில மிதிச்சா முன்பாதத்துல கல்லு நேரா குத்துது, எல்லாத்துக்கும் மேல மணல்ல கால் வெளிப்பக்கமா மடங்குது. ஒருதரம் நல்லா பெரண்டு வீங்கிப்போச்சு.

நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். ஆழமா பல்லு வச்ச சோல் எடுங்கறான், ஆர்ச் சப்போர்ட் (பாதத்தோட உள்வளைவுக்கு தாங்கல்) இல்லாம ட்ரெய்ல் பக்கமே போகாதங்கறான், கடல் பக்கம்னா வாட்டர்ப்ரூஃப் தான்ங்கறான். பட்ஜெட் 8,000, மிஞ்சினா 10,000. சின்னதுல செருப்பில்லாம வளந்த கால், முன்னாடி அகலம். தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

பெண்கடல்

எங்க அய்யா இதே கருவங்காட்டுல டயர் செருப்போட ஆடு மேச்சாரு, 8,000 ரூவாய்க்கு ரெண்டு குட்டி வாங்கலாம் மாப்ள 😂 சரி சரி, ஓடு, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.

மண்டபம் ஓடி

தம்பி, நீங்க சொன்ன நாலு பிரச்சனையும் நாலு வேற காரணம், எல்லாத்தையும் "சப்போர்ட் இல்ல"ன்னு ஒரே மூட்டையில கட்டாதீங்க.

நகம் கறுக்கறது பெரும்பாலும் ஷூ நீளம் பத்தாம விரல் முன்னாடி போயி இடிக்கறதுனால, இல்லன்னா லேஸ் லூசா இருந்து கால் உள்ளுக்குள்ள வழுக்குறதுனால. நம்ம ஊரு வெயில்ல ஒரு மணி நேரம் ஓடினாலே பாதம் வீங்கும், ஆபீஸ் ஷூ சைஸ வச்சு ஓட்ட ஷூ எடுத்தா இப்படித்தான் ஆகும். இதுல நீங்க மலை எறங்க வேற போறீங்க, எறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னாடி போயி முட்டும். நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்கணும்.

ஒரு சோதனை சொல்றேன், இப்பவே பண்ணுங்க. இருக்கற ஷூவுல இருந்து இன்சோல வெளிய உருவி தரையில வச்சு, சாயங்காலமா, முழு வெயிட்டும் போட்டு அது மேல ஏறி நில்லுங்க. சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலுக்கு வெளிய பிதுங்குதான்னு பாருங்க. பிதுங்குச்சுன்னா என்ன பிராண்டா இருந்தாலும் அந்த அச்சு உங்க காலுக்கு ஆகாது.

அடுத்து பல்லு. ஆழமான லக் (சோல் பல்லத்தான் அப்படி சொல்வாங்க) எல்லாம் சேத்துக்கு. சாலமன் ஸ்பீட்கிராஸ் மாதிரி ஷூ ஈரமண்ணுல கடிச்சு புடிக்கறதுக்குன்னே செஞ்சது, அத போட்டு நம்ம தார் ரோட்லயும் காஞ்ச கட்டாந்தரையிலயும் ஓடினா பல்லு சீக்கிரம் தேயும், பாறை மேல நுனிப்பல்லுல நிக்கற மாதிரி ஆடும். பொதமணல்ல எந்த லக்கும் புடிக்காது, அங்க புடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே. 3ல இருந்து 5 மில்லிமீட்டருக்குள்ள, பல்லு ஒவ்வொண்ணும் அகலமா, நெருக்கமா இருக்கறது எடுங்க, கொடைக்கானல் மண்ணு, வேரு, பாறைக்கும் அது போதும். ஈரப்பாறையில வழுக்காம நிக்கறது பல்லுனால இல்ல, ரப்பர்னால. விப்ரம் மெகாகிரிப்ங்கற ரப்பருக்கு அதுல நல்ல பேரு, ஆனா அது போட்ட ஷூ பெரும்பாலும் உங்க பட்ஜெட்ட தாண்டும்.

வாட்டர்ப்ரூஃப் வேண்டவே வேண்டாம். கோர்-டெக்ஸ் எல்லாம் வெளிய இருக்க தண்ணிய தடுக்கத்தான், அலை ஒண்ணு மேல் வழியா உள்ள பூந்துச்சுன்னா அப்புறம் வெளிய போக வழி கெடையாது, சலக் சலக்குன்னு குளத்துல நடக்கற மாதிரி வீடு வரைக்கும் வரணும். போதாக்குறைக்கு சூடு. உள்ள வந்த தண்ணி தானா வடிஞ்சு போற ஷூ தான் கடற்கரைக்கு சரி.

சாயல்குடி பனை

மேல அண்ணே சொன்னது சரி, ஆனா முள்ள விட்டுட்டாரு. நம்ம பக்கம் அதுதானே மொத எதிரி.

கல்லு குத்தறதுக்கு ராக் பிளேட் கேளுங்க, மிட்சோலுக்கும் (நடு நுரை) அவுட்சோலுக்கும் (அடி ரப்பர்) நடுவுல வைக்கற மெல்லிசான பிளாஸ்டிக் தகடு. ஆனா பல ஷூவுல அது முன்பாதத்துக்கு மட்டும்தான் இருக்கும், குதிகால்ல இருக்காது. கருவமுள்ளு தகடு இல்லாத எடத்துல ஏறும். ஏறி பாதியில ஒடிஞ்சு நுரைக்குள்ளயே உக்காந்துக்கும், அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, நுரை அமுங்க அமுங்க மெதுவா மேல வந்து வேற ஒரு நாள் நடு ஓட்டத்துல நறுக்குன்னு குத்தும். காட்டுக்குள்ள ஓடிட்டு வந்தா இன்சோல வெளிய எடுத்து அடியில செல்போன் டார்ச் அடிச்சு பாருங்க, அப்புறம் விரல வச்சு தடவாம ஒரு பழைய சாக்ஸ உள்ள விட்டு தேச்சு பாருங்க, நூல் மாட்டுற எடத்துல முள்ளு நுனி இருக்கும். சோல் பக்கம் இருந்து குறடால புடுங்கிடலாம்.

இன்னொண்ணு, பனங்காட்டுல கீழ கெடக்கற மட்டையோட கருக்கு. ரம்பம் மாதிரி தானே இருக்கும், பக்கவாட்டு மெஷ்ஷ ஒரே இழுப்புல கிழிச்சுடும். அதனால மெஷ் மேல சுத்தி ரப்பரோ பிளாஸ்டிக் பூச்சோ ஓடியிருக்கறதா, முன்னாடி விரல் மறைப்பு கெட்டியா இருக்கறதா பாருங்க. துளை பெருசா இருக்கற மெஷ் காத்தோட்டத்துக்கு நல்லாத்தான் இருக்கும், நம்ம கடற்கரை பொடிமணலுக்கு அது சல்லடை.

மணல் மேல் வழியா வர்றதுக்கு துணி கெய்ட்டர் போடலாம், கணுக்கால்ல மாட்டி ஷூ வாய மூடிக்கறது. விலை ஜாஸ்தின்னா பழைய சாக்ஸோட பாதத்த வெட்டிட்டு மேல் கொழாய மட்டும் போட்டு ஷூ வாய் மேல இழுத்து விடுங்க, பாதி மணல் நிக்கும்.

மதுரை பிசியோ

கால் மடங்குறத பத்தி மட்டும் சொல்றேன். பெரண்டு வீங்குன கணுக்கால் முழுசா சரியாகாம பொதமணல்ல ஓடாதீங்க, ஒருதரம் பெரண்டது திரும்ப பெரளுறதுக்கு வாய்ப்பு அதிகம். ஒத்தக்கால்ல நின்னு பல்லு வெளக்குங்க, அது சுலபமானா கண்ண மூடி நில்லுங்க. வேடிக்கையா தெரியும், ஆனா பேலன்ஸ் பயிற்சி மறுபடி பெரளுறத குறைக்கும்.

ஷூவுல பாக்க வேண்டியது குதிகால் பிடி. பின்னாடி கோப்பைய ரெண்டு விரலால அமுக்கி பாருங்க, சுருண்டு விழுந்தா வேண்டாம். அப்புறம் உயரம். நுரை தடிமனா, உயரமா இருக்கற ஷூ கல்லுக்கு மெத்துன்னு இருக்கும், ஆனா அடி அகலம் பத்தலைன்னா கணுக்கால் மடங்கறதுக்கு அதுவே காரணமாகும்.

ஆர்ச் சப்போர்ட் பத்தி ஒரு விஷயம். பாதத்த நனைச்சு தரையில அச்சு பாத்து, தட்டப்பாதத்துக்கு இந்த ஷூ, வளைஞ்ச பாதத்துக்கு அந்த ஷூன்னு குடுக்கறது பழைய பழக்கம். அமெரிக்க ராணுவத்துல புதுசா சேந்து பயிற்சி எடுத்தவங்க மேல இத சோதிச்சு பாத்தாங்க, முடிவு 2009-10 வாக்குல வந்துச்சு. பாத வடிவம் பாத்து ஷூ வாங்குனவங்களுக்கும் அத பாக்காம ஒரே மாதிரி ஷூ வாங்குனவங்களுக்கும் காயத்துல பெருசா வித்தியாசம் வரல. வலி எதுவும் இல்லைன்னா ஆர்ச் பத்தி கவலைப்படாதீங்க, போட்டு ஓடும்போது சொகமா இருக்கான்னு பாருங்க. காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது குதிகால் வலிச்சாலோ, முன்பாதத்துல ஒரே புள்ளியில அமுக்கினா வலிச்சாலோ அது ஷூ கடை விவகாரம் இல்ல, எலும்பு டாக்டர்ட்ட காட்டுங்க.

உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் நன்றிண்ணே. இன்சோல் சோதனை பண்ணேன், சுண்டுவிரல் பக்கம் ரெண்டு காலுலயும் நல்லாவே பிதுங்குது, முன்னாடி அரை விரல் கூட காலி இல்ல. கண்ண மூடிட்டு ஒத்தக்கால்ல நின்னா அடிபட்ட கால் உடனே தள்ளாடுது, வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. காலை வலி, புள்ளி வலி எல்லாம் இல்ல.

அகலமான காலுக்கு ஆல்ட்ரா லோன் பீக் நல்லாருக்கும்னு ஃபிரண்ட் சொல்றான், எடுக்கலாமா?

கீழக்கரை காக்கா

எடுங்க தம்பி, நான் அதான் போடுறேன். விரல் பக்கம் கால் அச்சுக்கே வெட்டி வச்ச மாதிரி இருக்கும், குதிகாலுக்கு பின்னாடி கெய்ட்டர் ஒட்டறதுக்கு வெல்க்ரோவும் இருக்கு, மணலுக்கு அது பெரிய வசதி. சின்னதுல வெறுங்கால்ல ஓடுன நமக்கு இதுதான் லாயக்கு.

மண்டபம் ஓடி

காக்கா, உங்களுக்கு பழகிருச்சு. தம்பிக்கு நான் இப்ப சொல்ல மாட்டேன். லோன் பீக் ஜீரோ டிராப், அதாவது குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். ரோட் ஷூவுல சாதாரணமா 8, 10 மில்லிமீட்டர் குதிகால் ஒசந்து இருக்கும். அதுல இருந்து ஒரேயடியா ஜீரோவுக்கு எறங்கினா கெண்டைச்சதையும் குதிகாலுக்கு மேல இருக்க தசைநாரும் இழுபடும். மணல்ல குதிகால் ஏற்கனவே புதையுது, அங்கயும் அதே கெண்டைக்கால் தான் வேலை செய்யுது. கெட்டித்தரைய விட மணல்ல ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும்னு அளந்தே வச்சுருக்காங்க. ரெண்டையும் ஒண்ணா ஏத்தாதீங்க, ஓட்டம் முடியட்டும், அப்புறம் வீட்ல நடந்து பழகி மெதுவா மாறலாம்.

கீழக்கரை காக்கா

அதுவும் சரிதான். நான் மாறுறப்ப ஒரு சீசன் பூரா நடக்கத்தான் செஞ்சேன்.

மண்டபம் ஓடி

4ல இருந்து 8 டிராப்புக்குள்ள பாருங்க. ஹோகா ஸ்பீட்கோட்ல டிராப் 4, 5 மில்லிமீட்டர் வரும், லக் 5 மில்லிமீட்டர், நல்ல ரப்பர், ஆனா விலை எட்டாது, நுரையும் உயரம். சாக்கனி பெரெக்ரின், புரூக்ஸ் கஸ்கேடியா எல்லாம் போன வருஷ மாடல் ஆஃபர்ல வரும்போது மடக்குங்க. எதுலயும் வைட்னு தனி அகலம் இருக்கான்னு கேளுங்க. மதுரைக்கு போயி போட்டு பாத்தே எடுங்க, மதியம் மூணு மணி பஸ்ஸ புடிச்சா சாயங்காலம் கால் வீங்கியிருக்கற நேரத்துக்கு கடையில இருப்பீங்க. ஓடுற சாக்ஸையே போட்டுட்டு போங்க. கட்டிட்டு தரையில விரல் நுனிய ரெண்டு தட்டு தட்டுங்க, விரல் முட்டுச்சுன்னா எறக்கத்துலயும் முட்டும். கடைப்பையன் "ஓட ஓட லூசாகும் சார்"னு சொல்வான், நம்பாதீங்க.

உச்சிப்புளிக்காரன்

அப்டேட். மதுரை போயிட்டு வந்துட்டேன். வைட் கெடச்சுது, அரை சைஸ் கூட, 6 டிராப், ராக் பிளேட் இருக்கு, ஆஃபர்ல பட்ஜெட்டுக்குள்ளயே முடிஞ்சுது. அரியமான் வரைக்கும் போயி பாத்தேன், விரல் எங்கயும் இடிக்கல, கல்லும் குத்தல. ஒரே ஒரு கொறை, அகலம் எடுத்ததுனால குதிகால் லேசா தூக்குது, கொப்புளம் இருந்த அதே எடம். லேஸ இறுக்குனா மேல்பாதம் வலிக்குது. என்ன பண்றது?

மதுரை பிசியோ

கணுக்கால் பக்கம் கடைசியா தனியா ஒரு ஓட்டை காலியா இருக்கும் பாருங்க, அது இதுக்குத்தான். லேஸ எதிர்ப்பக்கம் கொண்டுபோகாம, அதே பக்கம் இருக்க அந்த கடைசி ஓட்டைக்குள்ள விட்டு சின்ன வளையமா விடுங்க. ரெண்டு பக்கமும் அப்படி வளையம் வந்ததும், வலது நுனிய இடது வளையத்துக்குள்ளயும் இடது நுனிய வலது வளையத்துக்குள்ளயும் நுழைச்சு, கீழ்ப்பக்கமா இழுத்து முடி போடுங்க. குதிகால் பின்னாடி போயி உக்காந்துக்கும், மேல்பாதத்துல லேஸ லூசாவே விட்டுடலாம். கொப்புளம் ஆறுற வரைக்கும் அந்த எடத்துல டேப் ஒட்டிட்டு ஓடுங்க.

சாயல்குடி பனை

கடல்தண்ணி பட்டா அன்னிக்கே நல்ல தண்ணியில அலசிடுங்க, உப்பு காஞ்சா தையல அரிக்கும். இன்சோல் தனியா, உள்ள பேப்பர் திணிச்சு நெழல்ல காயப்போடுங்க. மொட்டை மாடி வெயில்ல வச்சா சோல் ஒட்டுன பசை விட்டுரும்.

உச்சிப்புளிக்காரன்

வளையம் போட்டு ஓடிட்டேன், குதிகால் அசையவே இல்ல. டேப் தான் வேர்வையில ஒரு மணி நேரத்துல கழண்டுருது, அதுக்கு எந்த டேப் நல்லாருக்கும்?

மதுரை பிசியோ

மெடிக்கல்ல கெடைக்கற வெள்ளை பஞ்சு டேப் வேண்டாம், இழுத்தா நீளுற கினிசியாலஜி டேப் வாங்குங்க. கால கழுவி நல்லா காயவிட்டு, மூலைய வட்டமா வெட்டி, ராத்திரியே ஒட்டிட்டு படுங்க.